புதுப் பெட்டி, பழைய கேட்ரிட்ஜ்: எஃப்பிஜிஏ கன்சோலைச் சரியாக ஓடவைப்பது எப்படி

எஃப்பிஜிஏ கன்சோலை (பழைய வீடியோ கேம் கன்சோலின் சுற்றைச் சிப்புக்குள் மறுபடி அமைத்த புதுப் பெட்டியை) வாங்கி, ஆட்டம் பதிந்த பழைய கேட்ரிட்ஜைச் செருகி, படம் வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது புதுப் பெட்டியைத்தான். பெரும்பாலும் தவறு அங்கே இருக்காது. முப்பது வருடம் பரணில் கிடந்த கேட்ரிட்ஜின் பின்கள், தீர்ந்துபோன பட்டன் பேட்டரி, பொருந்தாத அடாப்டர், படத்தைத் தன் இஷ்டத்துக்கு மெருகேற்றும் டிவி, இந்த நான்கையும் முதலில் பாருங்கள். புதுப் பெட்டிக்குச் செலவிடும் நேரத்தைவிட இவற்றுக்கு அதிக நேரம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

கையில் இருப்பது எந்த வகை?

நின்டெண்டோவின் பழைய என்இஎஸ், எஸ்என்இஎஸ் கன்சோல்களைச் சின்னதாக்கி 2016-ல் வந்த என்இஎஸ் கிளாசிக், 2017-ல் வந்த எஸ்என்இஎஸ் கிளாசிக் போன்ற மினிகள் உள்ளே லினக்ஸும் எமுலேட்டரும் (பழைய கன்சோல்போல நடந்துகொள்ளும் மென்பொருள்) ஓடும் சின்னக் கணினிகள். முன்னதில் 30 ஆட்டங்கள், பின்னதில் 21. கேட்ரிட்ஜ் போட இடமே கிடையாது. 2023-ல் வந்த அட்டாரி 2600+ கேட்ரிட்ஜை ஏற்கும்; ஆனால் தொடங்கும்போதே அதிலுள்ள ரோமை (ஆட்டத்தின் தரவை) படித்துக்கொண்டு, பிறகு எமுலேட்டரில்தான் ஓட்டும். அதனால் மெமரி கார்டு போடும் ஃப்ளாஷ் கேட்ரிட்ஜ்கள் எல்லாம் அதில் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது வகைதான் எஃப்பிஜிஏ. அனலாக் நிறுவனத்தின் சூப்பர் என்டி (2018), மெகா எஸ்ஜி (2019), பாக்கெட் (2021), ரெட்ரோயுஎஸ்பியின் ஏவிஎஸ் எல்லாம் இதில் சேரும். பழைய கன்சோலின் சுற்று எப்படி வேலை செய்ததோ அதே மாதிரி சிப்புக்குள் அமைத்திருப்பார்கள். ஆட்டம் ஓட ஓட, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப, கேட்ரிட்ஜிலிருந்தே தரவு வந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு பின் அழுக்காக இருந்தாலும் அது உடனே திரையில் தெரிவது இதனால்தான்.

கேட்ரிட்ஜைச் சுத்தம் செய்வது

நின்டெண்டோ, சேகா கேட்ரிட்ஜ்களில் இருப்பது சாதாரண ஸ்குரூ அல்ல. கேட்ரிட்ஜுக்கு 3.8 மி.மீ., கன்சோலுக்கு 4.5 மி.மீ. கேம்பிட் (இந்த ஸ்குரூவுக்கென்றே உள்ள திருப்புளி முனை) வேண்டும். திறக்காமலும் சுத்தம் செய்யலாம். ஆனால் திறந்தால் பின்களின் அடிவரை கை எட்டும், பேட்டரி கசிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். 99 கிடைத்தால் நல்லது. 70 சதவீதக் கரைசலில் மீதி பெரும்பாலும் தண்ணீர், காய நேரமாகும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். பின்களின் நீளவாக்கில், மேலிருந்து விளிம்பை நோக்கித் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் பஞ்சு நார் பின்களின் இடுக்கில் மாட்டும். முதல் குச்சி கறுப்பாக வரும், இரண்டாவது சாம்பல் நிறத்தில் வரும். குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை புதிது புதிதாக மாற்றுங்கள். ஒரு கேட்ரிட்ஜுக்கு நாலைந்து குச்சி சாதாரணமாக ஆகும். இரண்டு பக்கமும் முடித்தபின் உலர்ந்த குச்சியால் ஒருமுறை துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுத்தான் செருக வேண்டும்.

அதற்கும் போகாத கறைக்கு, பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாக நீளவாக்கில் தேய்த்து, மறுபடியும் ஆல்கஹால் போடுங்கள். உப்புத்தாள், பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். பின்களின் மேலுள்ள பூச்சு மிக மெல்லியது. அது போய்விட்டால் அடியிலுள்ள உலோகம் வேகமாகக் கறுத்து, மாதாமாதம் சுத்தம் செய்ய வேண்டிவரும். வாயால் ஊதுவதும் கூடாது. ஊதியபின் சில நேரம் ஆட்டம் ஓடியது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் கேட்ரிட்ஜை எடுத்து மறுபடி செருகியது. எச்சில் ஈரம் பின்களை அரிக்க மட்டுமே உதவும்.

எந்தப் பக்கம் அழுக்கு என்று திரையே சொல்லும். என்இஎஸ் கேட்ரிட்ஜில் நிரல் ஒரு வழியாகவும் பட ஓடுகள் (படத்தை உருவாக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்) இன்னொரு வழியாகவும் போகின்றன. இசை சரியாகக் கேட்கிறது, பொத்தானுக்கு ஆட்டம் அசைகிறது, ஆனால் உருவங்கள் கந்தலாகத் தெரிகின்றன என்றால் படம் போகும் பின்களில் அழுக்கு. ஒரே நிறத் திரையோடு சத்தமும் இல்லை என்றால் நிரல் போகும் பின்கள். எஸ்என்இஎஸ் ஸ்லாட்டில் 62 பின்கள் உண்டு; சாதாரண ஆட்டங்களுக்கு நடுவிலுள்ள 46 போதும். இரு ஓரங்களில் இருப்பவை சூப்பர் எஃப்எக்ஸ், எஸ்ஏ-1 மாதிரி கூடுதல் சிப் உள்ள கேட்ரிட்ஜ்களுக்கு. மற்றதெல்லாம் ஓடி, சூப்பர் எஃப்எக்ஸ் சிப் உள்ள ஸ்டார் ஃபாக்ஸ் மட்டும் அடம்பிடித்தால் அந்த ஓரப் பின்களை மறுபடி தேயுங்கள்.

புதுக் கன்சோல்களின் ஸ்லாட் இறுக்கமாகவே இருக்கும். நேராக அழுத்துங்கள், நேராக இழுங்கள். இடமும் வலமும் ஆட்டி எடுத்தால் உள்ளே இருக்கும் பின்கள் வளையும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

சேவ் அழிகிறதா? பேட்டரியைப் பாருங்கள்

பழைய கேட்ரிட்ஜ்களில் சேவ் நிற்பது ஒரு 3 வோல்ட் பட்டன் பேட்டரியின் தயவில். எஸ்என்இஎஸ்ஸில் பொதுவாக சிஆர்2032. கேம்பாய் போகிமான் கோல்டு, சில்வரில் சிஆர்2025. கோல்டு, சில்வர் இரண்டிலும் கடிகாரமும் ஓடுவதால் சீக்கிரம் தீரும். கேம்பாய் அட்வான்ஸின் ரூபி, சஃபையர் வேறு கதை: சேவ் ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது, சிஆர்1616 பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பேட்டரி தீர்ந்தாலும் சேவ் போகாது.

சேவ் பேட்டரியால் நிற்கும் கேட்ரிட்ஜ்களில், பேட்டரியைக் கழற்றிய நொடியே சேவ் போய்விடும். அது வேண்டுமென்றால் கேட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் கருவியால் முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். காலுள்ள பேட்டரியாக வாங்குங்கள்; காலில்லாத பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டரிங் செய்தால் சூட்டில் வெடிக்கலாம். அயர்ன் 350 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஒரு காலில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். ஈயம் உருகவில்லை என்றால் கொஞ்சம் புது ஈயம் சேர்த்தால் பழையதும் சேர்ந்து உருகும். போர்டில் அச்சிட்டுள்ள கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்துப் பொருத்தி, மூடும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். புதுப் பேட்டரி 3.0 முதல் 3.3 வோல்ட் காட்டும்.

அடாப்டர்

இதில்தான் பெட்டி நிரந்தரமாகப் போகும். என்இஎஸ் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருவது. சேகாவின் முதல் மெகா டிரைவ் கன்சோலின் அடாப்டர் டிசி, ஆனால் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். நாமே கட்டிக்கொள்ளும் எஃப்பிஜிஏ கன்சோலான மிஸ்டர் அமைப்பின் டிஇ10-நானோ போர்டுக்கு 5 வோல்ட் டிசி, நடுமுனை பாசிட்டிவ். பிளக் உள்ளே போகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. வோல்ட், ஏசியா டிசியா, நடுமுனை எது என்று ஒவ்வொரு அடாப்டரிலும் சீட்டு ஒட்டி வையுங்கள். மினி கன்சோல்களை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து ஓட்டும்போது தானாக அணைந்து எழுந்தால், அந்தத் துளை தரும் மின்சாரம் போதவில்லை. 5 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறையாத போன் சார்ஜரில் மாட்டுங்கள்.

படம்

டிவியின் கேம் மோடை முதலில் போடுங்கள். அசைவை மென்மையாக்குவது, கூர்மை கூட்டுவது, படத்திலுள்ள புள்ளி இரைச்சலை நீக்குவது (நாய்ஸ் ரிடக்ஷன்) எல்லாவற்றையும் அணையுங்கள். விநாடிக்கு 60 சட்டங்களில் (ஃப்ரேம்) ஒரு சட்டம் 16.7 மில்லிநொடி, டிவி மூன்று சட்டம் தாமதித்தாலே குதிக்கும் நேரம் கைவிட்டுப் போகும்.

அடுத்தது அளவு. எஸ்என்இஎஸ் படம் பொதுவாக 256×224. உயரத்தை முழு எண்ணால் பெருக்கினால்தான் ஒவ்வொரு வரியும் ஒரே தடிமனில் வரும். 1080 வரித் திரையில் 4 மடங்கு என்றால் 896 வரி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை. 5 மடங்கு என்றால் 1120 வரி. 40 வரி வெளியே போகும். ஆனால் அது ஆட்டத்தின் மேலே 4, கீழே 4 வரி மட்டுமே. பெரும்பாலான ஆட்டங்களில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது என்பதால் 5 மடங்கையே வையுங்கள். படத்தை 240 வரிகளாக வரைகிற ஆட்டங்களில் மட்டும் 24 வரி போய்விடும், அப்போது 4-க்குத் திரும்புங்கள். 720 வரி டிவியில் 240-ஐ 3 மடங்காக்கினால் மிச்சமில்லாமல் பொருந்தும்.

அகலத்தில் விஷயம் கொஞ்சம் சிக்கல். பழைய டிவியில் புள்ளி சதுரமாக இல்லை, 8:7 விகிதத்தில் அகன்றிருந்தது. 5 மடங்கு உயரத்துக்குச் சரியான அகலம் 1463. ஆனால் அது 256-ஆல் வகுபடாது. படம் பக்கவாட்டில் நகரும்போது சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் அலைபாயும். 1280 வைத்தால் உருவங்கள் ஒல்லியாகும், 1536 வைத்தால் 5 சதவீதம் மட்டும் அகலும். 1536-ஐத் தேர்ந்தெடுங்கள், கண்ணுக்கு உறுத்தாது. பாக்கெட்டில் இந்தக் கணக்கே வேண்டாம். கேம்பாய் திரை 160×144. பாக்கெட்டின் திரை 1600×1440. ஒவ்வொரு புள்ளிக்கும் பத்துக்குப் பத்து, நூறு புள்ளி கிடைக்கிறது. பழைய எல்சிடியின் கட்டங்களைக்கூட அதில் வரைந்து காட்ட முடிவது அதனால்தான்.

சீராக ஓடும் படத்தில் ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை சின்ன உதறல் தெரிகிறதா? என்இஎஸ், எஸ்என்இஎஸ் இரண்டும் விநாடிக்கு 60.0988 சட்டம் தருபவை, டிவி எடுப்பது 60. அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து ஒரு சட்டம் கழிகிறது. சூப்பர் என்டியில் தாமதமற்ற மோடைப் போட்டால் கன்சோலின் வேகம் டிவிக்கு ஏற்ப இம்மியளவு குறைந்து உதறல் நிற்கும்.

கன்ட்ரோலரும் துப்பாக்கியும்

அசல் கன்ட்ரோலர் இருந்தால் அதையே செருகுங்கள், தாமதம் குறைவு. வயர்லெஸ் என்றால் புளூடூத்தைவிட, தனி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை பொதுவாக மேல். ரிசீவர் யுஎஸ்பி 3 துளையில், அல்லது அதன் பக்கத்தில் இருந்தால் பொத்தான் விட்டுவிட்டுப் பிடிக்கும்; அரை மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள். 9 பின் கன்ட்ரோலர்களில் ஒரு எச்சரிக்கை: அட்டாரி ஜாய்ஸ்டிக் துளையில் 5 வோல்ட் வருவது 7-ஆவது பின்னில், மெகா டிரைவில் 5-ஆவதில். பிளக் ஒன்றுபோல இருக்கும், மாற்றிச் செருகினால் இரண்டுக்கும் ஆபத்து.

என்இஎஸ்ஸின் துப்பாக்கியான ஸாப்பர் எல்சிடி டிவியில் வேலை செய்யாது, எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. விசையை அழுத்தியதும் ஆட்டம் திரையை ஒரு சட்டத்துக்குக் கறுப்பாக்கி, அடுத்து இலக்கை வெள்ளைக் கட்டமாகக் காட்டும்; அந்தக் கணத்தில் வெளிச்சம் துப்பாக்கிக்குள் வர வேண்டும். எல்சிடியில் அது தாமதமாக வருகிறது. தவிர, படக்குழாயின் கதிர் துடிப்புக்கென்றே அந்த உணரி அமைக்கப்பட்டது. சுட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், கேமராவால் திரையின் வெள்ளை விளிம்பைப் பார்க்கும் சிண்டன், அகச்சிவப்பு விளக்குகளை நம்பும் கன்4ஐஆர் என்ற இரண்டு புதிய வழிகள் உண்டு. இரண்டும் எமுலேட்டர்களுக்கு ஏற்றவை; அசல் கேட்ரிட்ஜோடு ஸாப்பர் வேண்டும் என்பவர் ஒரு படக்குழாய் டிவி தேடுவதே வழி.

மிஸ்டர் கட்டுபவர்களுக்கு

மிஸ்டரில் கேட்ரிட்ஜ் துளை இல்லை, ஆனால் ஒரே போர்டில் பல கன்சோல்கள். டிஇ10-நானோ, 128 எம்பி எஸ்டிரேம் (மெமரி) பலகை, யுஎஸ்பி ஹப், ஹீட்சிங்க், மைக்ரோ எஸ்டி கார்டு வேண்டும். எஸ்டிரேமை ஜிபிஐஓ 0 என்று எழுதிய வரிசையில், எல்லாப் பின்களும் நேராக இறங்கும்படி அழுத்துங்கள். ஒரு வரிசை தள்ளிச் செருகுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மிஸ்டர் ஃப்யூஷன் இமேஜைக் கார்டில் எழுதி ஒருமுறை ஓட்டினால் மற்றதை அதுவே நிறுவிக்கொள்ளும். ஆட்டம் போடும் முன் மெமரி சோதனைக்கான ‘கோர்’ (சிப்பை ஒரு கன்சோலாகவோ சோதனைக் கருவியாகவோ அமைக்கும் கோப்பு) ஒன்றை ஓடவிடுங்கள். 130 மெகாஹெர்ட்ஸில் சில நிமிடம் பிழையின்றி நிற்க வேண்டும். அமைப்புக் கோப்பில் வி-சிங்க் அட்ஜஸ்டை (படத்தின் வேகத்தை டிவியோடு ஒத்துப்போகச் செய்யும் அமைப்பை) 2 என்று வைத்தால் தாமதம் மிகக் குறைவு. டிவி படம் காட்ட மறுத்தால் 1, அதுவும் ஆகாவிட்டால் 0.

கூடுதலாகப் பொருத்தும் ஐஓ பலகையில் யுஎஸ்பி 3 போலவே ஒரு துளை இருக்கும். அது யுஎஸ்பி அல்ல, அசல் கன்ட்ரோலர்களை இணைக்கும் யூசர் போர்ட். பென்டிரைவையோ ஹப்பையோ அதில் செருகாதீர்கள்.

ஆட்டத்துக்குள் சேவ் செய்ததும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடவும் கூடாது. பல கோர்களில் ஆட்டோசேவ் போட்டிருந்தாலும், மெனுவைத் திறக்கும்போதுதான் சேவ் கார்டில் எழுதப்படுகிறது. எஃப்12 அழுத்தி மெனுவைத் திறந்து, இரண்டு நொடி பொறுத்து, அதன்பின் அணையுங்கள்.