கவாய் லெனார்ட் ஏன் போனார்? பிளேஆஃப்ஸ், ஃப்ரீ ஏஜென்சி வாக்குவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ரசிகர்களுக்கு ஏப்ரலில் பிளேஆஃப்ஸ் என்ற நாக் அவுட் சுற்று தொடங்கும், ஜூனில் ஃபைனல்ஸ் முடியும். கோப்பையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் ஃப்ரீ ஏஜென்சி வந்துவிடும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் தங்களுக்குப் பிடித்த அணியோடு பேசிச் சேர்ந்துகொள்ளும் காலம் அது. இரண்டும் அடுத்தடுத்து வருவதால், ஒன்றின் கோபத்தையும் குதூகலத்தையும் இன்னொன்றின் மேல் ஏற்றிவிடுகிறோம். தோற்றவன் ஓடிப்போகிறான் என்கிறோம், ஜெயித்தவன் இனி ஏன் போகப்போகிறான் என்கிறோம். ஒரு வீரரின் முடிவைப் பற்றிப் பேசுவதென்றால், அதை எடுத்த நாளில் அவர் முன்னால் என்னென்ன இருந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதி சண்டைகள் வருகின்றன.

இதற்கு 2019 டொராண்டோவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2018 ஜூலையில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடமிருந்து கவாய் லெனார்டை டொராண்டோ ராப்டர்ஸ் அணி ட்ரேடில், அதாவது வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில், வாங்கியது. அவர் கட்டாயம் ஆடியாக வேண்டியது ஒரே ஒரு சீசன்தான். அந்த ஒரே சீசனில் அணியின் வரலாற்றிலேயே முதல் சாம்பியன் பட்டம் வந்தது. 2019 ஜூன் 13 அன்று கோப்பை. 17ஆம் தேதி ஊரே தெருவில் திரண்ட ஊர்வலம். ஜூலை 6 அதிகாலையில், கவாய் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி. டொராண்டோவில் தமிழர்கள் நிறைய என்பதால் நம்மவர்களிடையேயும் இந்தப் பேச்சு சூடாக நடந்தது, இன்றும் நடக்கிறது.

ஒரு தொடரை வைத்து ஆளை எடைபோடுவது

அந்த ஆண்டு கிழக்குப் பிரிவு அரையிறுதி, பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஏழாவது ஆட்டம். ஸ்கோர் 90-90, மிச்சம் 4.2 நொடி. கவாய் வலது மூலைக்கு ஓடி, ஜோயல் எம்பீடின் நீட்டிய கைக்கு மேலாக எறிந்தார். பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. அந்த ஆட்டத்தில் அவர் 39 முறை எறிந்து 16 முறை போட்டிருந்தார். அந்தக் கடைசிப் பந்து வெளியே உருண்டிருந்தால் ஓவர்டைம், அதில் யார் வேண்டுமானாலும் ஜெயித்திருக்கலாம். ராப்டர்ஸ் தோற்றிருந்தால், "39 முறை எறிந்து அணியைக் கவிழ்த்தவர்" என்று அதே ஆளைப் பற்றிப் பேசியிருப்போம். ஆடிய விதத்தில் மயிரிழை மாற்றமும் இருந்திருக்காது.

ஏழு ஆட்டத் தொடர் என்பது சின்னக் கணக்கு. ராப்டர்ஸின் ஃப்ரெட் வான்வ்லீட் அதே பிலடெல்ஃபியா தொடரில் எறிந்தது எதுவும் விழாமல் தவித்தார். அவரை உட்கார வைக்க வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். அடுத்து மில்வாக்கிக்கு எதிரான தொடரின் கடைசி மூன்று ஆட்டங்களில் 17 த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் பந்து) எறிந்து 14 போட்டார். ஃபைனல்ஸின் கடைசி ஆட்டத்தில் 22 பாயிண்ட். தவித்தவரும் அவர்தான், அடித்து நொறுக்கியவரும் அவர்தான்.

அந்த மில்வாக்கி தொடரில் 2-0 என்று முன்னிலை பெற்று, பிறகு நான்கு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்ற யானிஸ் அன்டெட்டோகும்போவை "பிளேஆஃப்ஸுக்கு ஆக மாட்டான், வேறு ஊருக்குப் போயாக வேண்டும்" என்று எத்தனை பேர் எழுதினார்கள்! மியாமிக்கும் டொராண்டோவுக்கும் ரசிகர்களே அவரை அனுப்பி வைத்தார்கள். அவர் 2020 டிசம்பரில் மில்வாக்கியிலேயே ஐந்தாண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டார். 2021 ஃபைனல்ஸின் கடைசி ஆட்டத்தில் 50 பாயிண்ட் எடுத்துக் கோப்பையும் வாங்கினார்.

காயத்தைக் காட்டிக் கோப்பையைக் குறைத்துப் பேசுவதும் இதே வகைதான். 2019 ஃபைனல்ஸில் டொராண்டோவின் எதிரணியான கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுரான்ட் ஐந்தாவது ஆட்டத்தில் 12 நிமிடம்தான் ஆடினார், குதிகால் தசைநார் அறுந்தது. கிளே தாம்சனுக்கு ஆறாவது ஆட்டத்தில் முழங்கால் போனது. உண்மைதான். ஆனால் அதே கோல்டன் ஸ்டேட் 2015இல் ஜெயித்தபோது எதிரணியில் கெவின் லவ் இல்லை, கைரி இர்விங் முதல் ஆட்டத்தோடு சரி. காயத்தைக் கணக்கில் எடுப்பதென்றால் எல்லா ஆண்டுக்கும் எடுக்க வேண்டும். நமக்குப் பிடிக்காத அணி ஜெயித்த ஆண்டுக்கு மட்டும் எடுக்கக் கூடாது.

மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது

என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அன்று விதிப்படி டொராண்டோ கவாய்க்கு 5 ஆண்டுக்குச் சுமார் 19 கோடி டாலர் கொடுக்கலாம். வேறு எந்த அணியும் 4 ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர்தான் கொடுக்க முடியும். "கிட்டத்தட்ட 5 கோடி டாலரை உதறிவிட்டா போவான்?" என்று டொராண்டோ ரசிகர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். போன பிறகு, "பணத்தையே உதறிவிட்டு ஓடியிருக்கிறான், அவ்வளவு வெறுப்பா எங்கள் ஊர் மேல்?" என்று மனம் நொந்தார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு.

முதல் ஆண்டுச் சம்பளம் எங்கே போனாலும் ஒன்றுதான். என்பிஏ வீரர் ஒருவரின் அதிகபட்சச் சம்பளம் அந்த ஆண்டின் சாலரி கேப்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பில்) ஒரு பங்கு: 6 ஆண்டு வரை ஆடியவருக்கு 25 சதவீதம், 7 முதல் 9 ஆண்டு ஆடியவருக்கு 30, அதற்கு மேல் 35. கவாய் அப்போது 8 ஆண்டு ஆடியிருந்தார். கேப் 10.9 கோடி டாலர், அதில் 30 சதவீதம் சுமார் 3.27 கோடி. சொந்த அணி என்றால் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு, பிற அணி என்றால் 5 சதவீதம். இந்த வித்தியாசம் நான்கு ஆண்டுக்குச் சேர்த்தும் 60 லட்சம் டாலர் அளவுதான் வருகிறது. மிச்ச 4.3 கோடி ஐந்தாவது ஆண்டின் சம்பளம். அந்த ஐந்தாவது ஆண்டில் வேறு ஒப்பந்தம் போட்டால் அங்கும் சம்பளம் வரத்தானே போகிறது?

இன்னொன்று, கிளிப்பர்ஸில் அவர் நான்கு ஆண்டுக்குக் கையெழுத்திடவே இல்லை. மூன்று ஆண்டு ஒப்பந்தம், மூன்றாவது ஆண்டு பிளேயர் ஆப்ஷன். அதாவது, அந்த ஆண்டு இருப்பதா வெளியே வருவதா என்பது வீரரின் விருப்பம். ஏன் அப்படி? இரண்டு ஆண்டு கழிந்தால் 10 ஆண்டு ஆடியவராகிவிடுவார், 35 சதவீதத்துக்குத் தகுதி வந்துவிடும். 2021இல் ஆப்ஷனை மறுத்து, அதே கிளிப்பர்ஸுடன் 4 ஆண்டுக்கு 17.6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். 2019 முதல் ஐந்து ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்: சுமார் 19.5 கோடி. டொராண்டோவின் ஐந்தாண்டு ஒப்பந்தத்தைவிடக் கூடுதல்!

இதில் ஆபத்தும் இருந்தது. 2021 ஜூனில் யூட்டாவுக்கு எதிரான தொடரில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது, அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அப்படியும் கிளிப்பர்ஸ் முழுத் தொகை கொடுத்தது. வேறு வீரருக்கு அந்தக் காயம் ஒப்பந்தத்தையே கெடுத்திருக்கலாம். ஆகவே ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுமுன் எத்தனை ஆண்டு, ஆப்ஷன் யார் கையில், வீரர் லீகில் எத்தனை ஆண்டு முடித்திருக்கிறார் என்ற மூன்றையும் பாருங்கள். மொத்தத் தொகை அப்புறம்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை, அதனால் எல்லோரும் அங்கேதான் போவார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் யாராவது சொல்வார்கள். வெளியூர் ஆட்டங்களின் சம்பளத்துக்கு ஆடும் மாநிலம் வரி போடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கவாய் கலிபோர்னியாக்காரர், சான் டியகோவில் கல்லூரி ஆட்டம் ஆடியவர். வரி அதிகம் என்றாலும் சொந்த ஊர்ப் பக்கம் போக நினைத்தார்.

போனவரின் சம்பளம் அணியின் பையில் தங்கிவிடும் என்று நினைப்பது

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே பர்ஸில் இருப்பதுதான் கணக்கு, தீர்ந்தால் தீர்ந்தது. என்பிஏவில் கேப்பைத் தாண்டலாம், ஆனால் குறிப்பிட்ட வழிகளில் மட்டும். அதில் முக்கியமானது, சொந்த வீரரைத் தக்கவைக்க கேப்பைத் தாண்டிச் செலவு செய்யும் அனுமதி. லாரி பேர்ட் பெயரால் அதைப் பேர்ட் உரிமை என்பார்கள்.

கவாய் போனதும், "சரி, அந்த 3 கோடியில் வேறு ஸ்டாரைப் பிடிக்கலாம்" என்றார்கள். முடியாது. அணியில் இருந்த கைல் லோரி, மார்க் கசோல், செர்ஜ் இபாகா மூவரின் சம்பளமே 8 கோடிக்கு மேல். நார்மன் பவலையும் வான்வ்லீட்டையும் சேர்த்தால் 10 கோடியைத் தாண்டிவிட்டது. கேப்பே 10.9 கோடிதான். கவாய்க்கு மட்டும் கொடுக்க முடிந்த பணம், அவர் போனதும் அவரோடு போய்விட்டது. அதனால்தான் ஸ்டார் வீரரை ஒன்றும் வாங்காமல் இழப்பதற்கு அணிகள் இவ்வளவு பயப்படுகின்றன.

அதற்காக ராப்டர்ஸ் அதலபாதாளத்துக்குப் போகவும் இல்லை. 2018-19இல் கவாய் இல்லாமல் ஆடிய 22 ஆட்டங்களில் 17 ஜெயித்திருந்தார்கள். அடுத்த சீசனில் 53 வெற்றி, 19 தோல்வி. பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித்தான் வெளியேறினார்கள். ஸ்டார் போனால் அணியே காலி என்று அறிவிக்குமுன் மிச்சமிருப்பவர்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

விசுவாசத்தை ஒரு பக்கம் மட்டும் கேட்பது

கவாயைத் துரோகி என்றவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: டெமார் டெரோசனை மறந்துவிட்டீர்களா? 2009இல் ட்ராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டொராண்டோ எடுத்த பையன். 2016இல் ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது வேறு அணியோடு பேசக்கூட இல்லாமல் அங்கேயே கையெழுத்திட்டார். ஸ்டார்கள் யாரும் இருக்க விரும்பாத ஊர் என்று பெயர் வாங்கியிருந்த இடத்தை என் ஊர் என்று சொன்னவர். அவரைத்தான் கவாய்க்காக ட்ரேடில் அனுப்பினார்கள். கூடைப்பந்துக் கணக்கில் அது சரியான முடிவு, கோப்பையே சாட்சி. மனிதராகப் பார்த்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

பாஸ்டனில் ஐசயா தாமஸ் 2017இல் தங்கை இறந்த மறுநாள் பிளேஆஃப்ஸில் ஆடினார். அந்த ஆகஸ்டிலேயே ட்ரேட் செய்யப்பட்டார். அணி விற்றால் வியாபாரம், வீரர் போனால் துரோகம் என்றால் அது நியாயமான அளவுகோல் இல்லை. கவாய் கட்டாயம் ஆட வேண்டியிருந்தது ஒரு ஆண்டு, அதை ஆடினார், கோப்பை வாங்கிக் கொடுத்தார். கோபப்பட அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வதந்தியை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்வது

2019 ஜூலை 3 அன்று, கவாய் இருப்பதாக நம்பப்பட்ட ஒரு கறுப்புக் காரை டொராண்டோவில் ஹெலிகாப்டரிலிருந்து நேரலையாகக் காட்டினார்கள். வந்துவிட்டார், இருக்கப்போகிறார் என்று ஊரே நம்பியது. மூன்றாம் நாள் கதை வேறு.

ஜூலை தொடக்கத்தில் சில நாட்கள் வாய்மொழியாகச் சம்மதிக்கலாம், பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட முடியாது. 2015இல் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் மனம் மாறினார். கிளிப்பர்ஸ் சகாக்கள் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்த படத்தை பிளேக் கிரிஃபின் வெளியிட்டார். நள்ளிரவு தாண்டியதும் கையெழுத்து கிளிப்பர்ஸோடு ஆனது. செய்தி வந்த நிமிடமே அடுத்த சீசனின் சாம்பியனை முடிவு செய்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

மறுநாளே மதிப்பெண் போடுவது, பழைய விதியில் வாதாடுவது

கவாய் வந்த அதே இரவில் கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜையும் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து வாங்கியது. விலை: ஐந்து முதல் சுற்று ட்ராஃப்ட் வாய்ப்புகள், ட்ராஃப்ட் முறையை மாற்றிக்கொள்ளும் இரண்டு உரிமைகள், டானிலோ கலினாரி, அப்புறம் ஒரே சீசன் ஆடியிருந்த ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். அன்று கிளிப்பர்ஸ்தான் கோடையை வென்றது என்று எழுதாதவர் குறைவு. அடுத்த ஆண்டே அவர்கள் டென்வரிடம் 3-1 முன்னிலையைத் தொலைத்தார்கள். ஃபைனல்ஸை இதுவரை பார்க்கவில்லை. ஷாய் 2025இல் எம்விபி (சீசனின் சிறந்த வீரர்), ஃபைனல்ஸ் எம்விபி, சாம்பியன். அவரோடு கோப்பை வாங்கிய ஜேலன் வில்லியம்ஸும் அந்த ட்ரேடில் வந்த கிளிப்பர்ஸ் வாய்ப்பில் எடுக்கப்பட்டவர்தான். மதிப்பெண் வர ஆறு ஆண்டு ஆனது. அதே சமயம், 2019இல் கவாய் வரவேண்டுமென்றால் ஜார்ஜும் வேண்டும் என்ற நிலையில் கிளிப்பர்ஸ் செய்தது பைத்தியக்காரத்தனமும் இல்லை. முடிவும் விளைவும் வேறுவேறு.

2023இல் வந்த புதிய ஒப்பந்த விதிகளோ ஆட்டத்தையே மாற்றிவிட்டன. செலவு இரண்டாவது ஏப்ரன் என்ற வரம்பைத் தாண்டினால், கூடுதல் செலவுக்கான வரியைக் கட்டினால் போதும் என்று அணி தப்பிக்க முடியாது. இரண்டு வீரர் சம்பளத்தைச் சேர்த்து ட்ரேட் செய்ய முடியாது, ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்று வாய்ப்பும் முடக்கப்படும். 2024இல் பால் ஜார்ஜ் பிலடெல்ஃபியாவுக்குப் போனபோது கிளிப்பர்ஸ் ஒன்றும் வாங்காமல் விட்டது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதே அணியோடு கவாய் அந்த ஜனவரியிலேயே, ஃப்ரீ ஏஜென்சி பக்கமே போகாமல், மூன்றாண்டு நீட்டிப்பு போட்டுவிட்டார். 2024 சாம்பியன் பாஸ்டன் மறு ஆண்டே ஜுரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸையும் அனுப்பியதற்கும் காரணம் இந்த வரம்புதான். பெரிய பெயர்கள் இப்போது நீட்டிப்பிலும் ட்ரேடிலும்தான் நகர்கின்றன. ஆகவே "முதலாளி கஞ்சன்", "ஜூலையில் ஒரு ஸ்டாரைப் பிடித்தால் முடிந்தது" என்று 2019 விதியை வைத்துப் பேசுமுன், அணி எந்த வரம்புக்கு மேல் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.