உம்மணாமூஞ்சியையும் சிரிக்க வைக்கும் மூன்று மடிப்பு

என் மச்சான் கேமராவைக் கண்டால் சிரிக்கவே மாட்டார். அவருடைய கல்யாண ஆல்பத்திலேயே கடன்காரனைப் பார்த்த மாதிரிதான் நிற்கிறார். போன வாரம் அவரை மூன்றே மடிப்பில் சிரிக்க வைத்தேன். கத்தரிகூடத் தேவைப்படவில்லை.

பணத்தாளை மடித்து விளையாடுகிறவர்களிடம் இருந்து வந்த குறும்பு இது. ஜப்பானில் 2004-ல் வந்த 1000 யென் நோட்டில் நொகுச்சி ஹிதெயோ என்ற மருத்துவ ஆய்வாளரின் முகம் இருந்தது. அதை மடித்து அவர் தலையில் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். ‘டர்பன் நொகுச்சி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பிரிட்டனில் எலிசபெத் ராணியின் முகத்தை நோட்டில் சிரிக்கவும் அழவும் வைத்தார்கள். 2016-ல் 5 பவுண்டு நோட்டு பாலிமர் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. பாலிமரில் மடிப்பு எளிதில் நிற்காது, விரிந்துகொள்ளப் பார்க்கும். நாம் பணத்தில் கைவைக்க வேண்டாம், ஒரு முகப் படத்தின் பிரிண்ட் போதும். மடித்த தாளை ஒரு பக்கம் சாய்த்தால் சிரிக்கும், மறுபக்கம் சாய்த்தால் அழும்.

நேராகப் பார்க்கும் முகம், மூடிய வாய். அடையாள அட்டைக்கு எடுத்த படம்போல் உணர்ச்சியே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. பல் தெரியச் சிரிக்கும் படம் இதற்கு ஆகாது, எவ்வளவு மடித்தாலும் அழ மறுக்கும். சாதாரண ஏ4 தாளில், முகம் மட்டும் 8 செ.மீ. அகலம் வரும்படி அச்சிடுங்கள். முகத்தின் இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டுச் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று செங்குத்துக் கோடுகள். தாளின் மேல் விளிம்பிலிருந்து இடது கருவிழி வழியாக வாயின் அந்த ஓரத்தைத் தொட்டுக் கீழ் விளிம்புவரை இறங்குவது ஒன்று, வலது பக்கம் அதேபோல் ஒன்று, மூக்கு வழியாக நடுவில் ஒன்று. ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறினால் மடிப்பு கோணாது.

கண் கோடுகள் இரண்டும் உங்களை நோக்கி மேடாக நிற்க வேண்டும். அதற்குத் தாளைப் பின்பக்கமாக மடியுங்கள். மூக்குக் கோடு பள்ளமாக உள்ளே போகவேண்டும். முதல் தடவை நான் இதை மாற்றிச் செய்துவிட்டேன். மச்சானுக்குக் கிளி மூக்கு முளைத்தது, சிரிக்க வேண்டிய பக்கத்தில் அழுதார். மடிப்புகளை நகத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பாதி விரியுங்கள். மேலிருந்து பார்த்தால் தாளின் விளிம்பு ஆங்கில எழுத்து ‘எம்’ போல் வளைந்து நிற்கும். முழுக்க விரித்துவிட்டால் வித்தை நடக்காது.

சரி, முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். தாளின் மேல்பக்கத்தை உங்களிடமிருந்து பின்னால் சாயுங்கள்: சிரிப்பார். உங்கள் பக்கம் சாயுங்கள்: அழுவார். வாயின் ஓரங்கள் மேட்டிலும் நடுப்பகுதி பள்ளத்திலும் இருப்பதுதான் காரணம். கீழிருந்து பார்க்கும்போது முன்னால் துருத்தும் ஓரங்கள் மேலே ஏறியதாகத் தெரியும், மேலிருந்து பார்த்தால் இறங்கியதாகத் தெரியும். கண்ணும் கூடவே சாய்வதால் முகம் முழுக்க நடிக்கிறது.

சுவரில் மாட்ட ஆசையா? இடது, வலது விளிம்பில் 1 செ.மீ. வெளிப்பக்கமாக மடித்து, பின்னால் கோந்து தடவி அட்டையில் ஒட்டுங்கள். ஒட்டும்போது விளிம்புகளைச் சற்று நெருக்கி வைத்தால்தான் மேடு மேடாக நிற்கும்.

மாட்டும் உயரம் முக்கியம். நான் கதவில், என் நெஞ்சு உயரத்தில் ஒட்டினேன். கீழே உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகள் நிமிர்ந்தால் மாமா சிரிக்கிறார். மச்சானோ ஆறடி.

“ஏன் மாப்பிள்ளை, இது சிரிக்கும்னு சொன்னீங்க?” என்று நின்றபடியே குனிந்து பார்த்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.