‘ஒரு சிப்பாய்தானே’ என்று விடும் பிழை

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆறேழு பிள்ளைகள் செஸ் விளையாட வருவார்கள். வகுப்பு என்று சொல்ல ஏலாது. இரண்டு பலகை, ஒரு பழைய கடிகாரம், இடையில் ஒரு பிளேன்டீ, அவ்வளவுதான். அதில் ஒருவன் போனில் புதிர் போட்டே வளர்ந்தவன். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் அவனுடைய புதிர்ப் புள்ளி 1,900ஐத் தாண்டி நிற்கிறது, ஆனால் பலகையில் இருத்தினால் புதிர் பக்கமே போகாத பிள்ளைகளிடம் தோற்பான். ஏன் என்று தெரியாமல் ஒரு நாள் பக்கத்தில் இருந்து அவன் புதிர் போடுவதைப் பார்த்தேன். ராணியைக் கொடுத்தால் என்ன, குதிரையைக் கொடுத்தால் என்ன, இருக்கிற செக் எல்லாம் அடித்துப் பார்க்கிறான், ஒன்றும் சரிவராமல் முகம் சுருங்குகிறது. "இதுல ஒரு சிப்பாய்தானே மாமா வருது, இது விடையா இருக்காது" என்றான். அதுதான் விடை.

முதல் பிழை இதுதான். புதிர் என்றாலே மேட் (செக்கில் இருந்து ராஜா தப்ப வழியில்லாத முடிவு) அல்லது ராணி என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டுத் தேடுவது. பிள்ளையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லிசெஸ்ஸில் மேட் புதிர்களை விட்டால், மிச்சத்தை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: கணினி மதிப்பீடு 6 சிப்பாய்க்கு மேலே போனால் நொறுக்கும் வெற்றி, 2க்கும் 6க்கும் இடையில் என்றால் அனுகூலம், தோற்கிற நிலையில் இருந்து தப்பிச் சமனுக்கு வந்தால் அது தனி வகை. சும்மா ஒரு சிப்பாய்க்கான புதிர் அங்கே குறைவாகத்தான் வரும், ஆகவே கண் பெரிய மீனுக்கே பழகிவிடுகிறது. அந்த மூன்றாவது வகையைக் கவனியுங்கள், அதில் தப்பிப்பதே விடை. வெல்லத் தேடுகிறவன் அதில் கட்டாயம் விழுவான்.

சரி, ஒரு சிப்பாய்க்கு அப்படி என்ன பெறுமதி? சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, ரூக் 5, ராணி 9 என்று எல்லோருக்கும் பாடம். (ரூக்கைக் கோட்டை என்பாரும் உண்டு, யானை என்பாரும் உண்டு. எங்கள் விறாந்தையில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.) ஆனால் அந்த 1தான் எட்டாவது வரிசைக்குப் போனால் ராணியாகி 9 ஆகும். காய்கள் ஒவ்வொன்றாக மாறிக் குறையக் குறைய அதை மறிக்க ஆள் இருக்காது. பலகையில் வைத்தே பாருங்கள் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை): வெள்ளை ராஜா ஈ6, சிப்பாய் ஈ5, கறுப்பு ராஜா ஈ8. யாருடைய முறையானாலும் வெள்ளைக்கு வெற்றி. மூன்றையும் ஒரு கட்டம் கீழே இறக்கி ஈ5, ஈ4, ஈ7 என்று வையுங்கள். இப்போது கறுப்பின் முறை என்றால் வெற்றி, வெள்ளையின் முறை என்றால் வெறும் சமன். ஒரே சிப்பாய், ஒரே மூன்று காய். இதை இரண்டு பக்கமும் விளையாடிப் பார்க்காமல் ஆயிரம் புதிர் போட்டாலும் வென்ற சிப்பாயை என்ன செய்வது என்று தெரியாது.

அடுத்த பிழை, கணக்கைப் பாதியில் முடிப்பது. சூடடித்து, தூற்றி, மூடை கட்டிய பிறகுதான் எங்கள் பக்கத்து வயற்காரர் கணக்குச் சொல்வார், நிற்கிற கதிரைப் பார்த்துச் சொல்லமாட்டார். நம் பிள்ளைகள் ஒரு காயை வெட்டியவுடனேயே சொல்லிவிடுகிறார்கள்.

ரூய் லோபஸ் என்ற திறப்பை, அதாவது ஆட்டத்தின் ஆரம்ப நகர்வுகளை, எடுங்கள். வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் பி5, கறுப்பு ஏ6. வெள்ளை பிஷப்பால் சி6ல் குதிரையை வெட்டுகிறது, கறுப்பு டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. இப்போது ஈ5ல் காவல் இல்லாத சிப்பாய். குதிரையால் வெட்டினால் ஒரு சிப்பாய் லாபம் என்று தோன்றும். கறுப்பு ராணி டி4க்கு வந்தால் குதிரையும் ஈ4 சிப்பாயும் ஒன்றாக அடிபடும், குதிரையை எஃப்3க்கு இழுத்தால் ராணி ஈ4ஐ செக்கோடு வெட்டும், லாபம் போய்விட்டது. அதே இடத்தில் வெட்டாமல் முதலில் கோட்டை கட்டினால் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்வில் இடம் மாற்றினால்)? இனி கறுப்பு கவனிக்காமல் விட்டால் ஈ5ஐ வெட்டுவது உண்மையான மிரட்டல், ஏனென்றால் ராணி முன்போலவே டி4, பிறகு ஈ4 என்று வந்து வெட்டினால், எஃப்1ல் இருக்கும் ரூக் ஈ1க்கு வந்து, திறந்த ஈ வரிசையில் ராணியை ராஜாவோடு சேர்த்துக் கட்டிவிடும். வெட்டுகிற சிப்பாய் ஒன்றுதான், ஒரு நகர்வு முந்தி வெட்டினால் சும்மா, பிந்தி வெட்டினால் லாபம்.

1966ல் ஹவானா ஒலிம்பியாடில் பொபி ஃபிஷர் இப்படிக் கோட்டை கட்டித்தான் இந்தத் திறப்புக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அவருக்கு ஈ5 சிப்பாய் பெரிதில்லை. கறுப்பின் சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அந்த இரட்டைச் சிப்பாய்தான் பெரிது. டி4ல் ஒரு சோடிச் சிப்பாய் மாறி, மற்றக் காய்கள் எல்லாம் ஒழிந்து, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பொதுவாக வெல்வது வெள்ளை. எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எஃப்7 பிழையும் ஒன்று உண்டு, சின்னவர்கள் எல்லோரும் செய்வது. குதிரையும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7ஐத் தாக்கும், உடனே ரூக்கையும் சிப்பாயையும் வாங்கிக்கொண்டு இரண்டு காயையும் கொடுப்பார்கள். 5ம் 1ம் 6, 3ம் 3ம் 6, சரிதானே என்பார்கள். கணக்குச் சரி, விளையாட்டுப் பிழை. ஆட்டம் நடுவில் நிற்கும்போது இரண்டு காய்கள் சேர்ந்து தாக்கும், ரூக்குக்கோ ஓடத் திறந்த வரிசையே இராது.

இனி என் கதை. பாடசாலைக் காலத்தில் அம்பாறையில் ஒரு போட்டி. எனக்கு ஒரு பிஷப்பும் இரண்டு சிப்பாயும், எதிரில் இருந்த தம்பிக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். இலகுவாக்குவோம் என்று என் ஜி சிப்பாயை அவனுடைய கடைசிச் சிப்பாயோடு மாற்றிக்கொண்டேன். மிஞ்சியது எச் சிப்பாய். அவன் ராஜாவை எச்8 மூலைக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டான். எச்8 கறுப்புக் கட்டம், என் பிஷப் வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, அவனை அங்கிருந்து கிளப்ப ஏலாது. 4 புள்ளி கூட வைத்துக்கொண்டு சமன். முன்னுக்கு நிற்கும்போது காயை மாற்று, சிப்பாயை மாற்றாதே என்று சொல்வது இதற்குத்தான். இரண்டு பக்கமும் எதிரெதிர் நிற பிஷப் நின்றாலும் இப்படித்தான், சிலவேளை இரண்டு சிப்பாய் கூட இருந்தும் வெல்லமுடியாது.

முதல் நகர்வை ஊகித்து அழுத்திவிட்டு மிச்சத்தைப் பிறகு யோசிப்பது பற்றி நிறையச் சொல்ல இல்லை. அது புள்ளி சேர்க்கும் பழக்கம், விளையாடும் பழக்கம் இல்லை.

போன கிழமை அந்த 1,900காரனுக்கு நாலே காயில் ஒன்று வைத்தேன். வெள்ளை ராஜா சி2, சிப்பாய் சி7, கறுப்பு ராஜா ஏ1, ரூக் டி4. வெள்ளை நகர்த்தி வெல்ல வேண்டும். 1895ல் கிளாஸ்கோவில் வாழ்ந்த சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் கண்டுபிடித்த முடிவு இது. பெடியன் ஒரு கணமும் யோசிக்காமல் சி8ல் ராணி வைத்தான். நான் ரூக்கை சி4க்கு நகர்த்திச் செக் சொன்னேன், அவன் வெட்டினான், என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, போக ஒரு கட்டமும் இல்லை. ஆட்டம் சமன். "ராணியைவிடப் பெரிசா என்ன மாமா இருக்கு?" என்றான்.

"சின்னதா என்ன இருக்கு எண்டு பார் மனே" என்றேன். பிளேன்டீ ஆறிப்போனது. கால் மணித்தியாலம் கழித்து ராணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரூக்கை வைத்தான்.