கை இம்பாக்ட் டிரைவர்: வாங்குமுன் முனையைப் பாருங்கள்

இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்ற மட்டும்தான் என்றால் பேட்டரி இம்பாக்ட் டிரைவர் வேண்டாம்; சுத்தியலால் தட்டும் கை டிரைவரே போதும். முனை அரை அங்குலச் சதுரமாக இருக்கட்டும். பிட் (ஸ்க்ரூ தலையில் பொருந்தும் துண்டு) மாட்டும் ஹோல்டரைக் கழற்றிவிட்டு சாக்கெட்டும் மாட்டலாம். ஆனால் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான். பளபளக்கும் குரோம் சாக்கெட் அடி தாங்காமல் உடைந்து தெறிக்கலாம்.

சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் அழுத்தித் திருகினால் பிட் பள்ளத்தைவிட்டு எழும்பி, தலையை மழுக்கிவிடும். இதில் ஒவ்வோர் அடியும் பிட்டை உள்ளே அழுத்திக்கொண்டே சற்றுத் திருப்புகிறது, அதிர்வில் துருப்பிடிப்பும் விடும். அடிக்கும் முன் பிட்டை ஊன்றி, டிரைவரைக் கழற்றும் பக்கம் முறுக்கிப் பிடியுங்கள். திசை மாறியிருந்தால் ஸ்க்ரூ இன்னும் இறுகும்!

மலிவு செட்டில் முதலில் தேய்வது பிட்தான். நல்லதாக இரண்டு தனியே வாங்குங்கள். பழைய ஜப்பானிய பைக்கின் எஞ்சின் கவர் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) பிட், பெரும்பாலும் 3-ம் எண். வழக்கமான கூட்டல் குறி வடிவ பிலிப்ஸ் பிட் அதில் அடிவரை உட்காராது.

கார்புரேட்டர் போன்ற மெல்லிய வார்ப்புகளில் இதைத் தொடாதீர்கள், விரிசல் விடும். கார் வீல் நட்டுக்கும் இது ஆகாது. அதற்கு நீளக் கைப்பிடி ஸ்பேனர்தான்.