கஷ்ட நேரத்தில் 13ஆம் சங்கீதம்

வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்றால் ஜெபிக்க வார்த்தையே வராது. அப்போது பைபிளில் சங்கீதம் என்ற ஜெபப் பாடல்களில் 13ஆவதை எடுங்கள். மொத்தம் 6 வசனங்கள்தான். முதல் 2 வசனங்களிலேயே "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்டுவிடுகிறார். கடவுளிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முறையீடு, விண்ணப்பம், கிடைத்த நன்மைக்கு நன்றி என்று அந்தச் சங்கீதம் போகிறது; அதே வரிசையில் நீங்களும் எழுதிப் பாருங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். முதலில் முறையீடு: "கர்த்தாவே, பள்ளிக் கட்டணத்துக்கு இன்னும் எட்டாயிரம் ரூபாய் குறைகிறது." பூசி மெழுகாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அடுத்து, இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு விண்ணப்பம். கடைசியாக, முன்பு கிடைத்த ஓர் உதவி. அந்தக் கடைசி வரி சில நாள் வராது, விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதமும் இருளில்தான் முடிகிறது.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. வாசலில் நுழைந்தவுடன் "எல்லாம் நன்மைக்கே" என்று ஆரம்பிக்காதீர்கள். பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.