பழைய வேனில் ஓதம்: மேலிருந்து இறங்கியதா, கீழிருந்து ஏறியதா?

2022 ஏப்ரலில் கேட்டரிங் வேலைக்காக ஒரு பழைய வேன் வாங்கினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சீட்டுக்குப் புது உறை, உள்ளே எலுமிச்சை வாசனை. மூன்றாவது மாதம் பவர் விண்டோ நின்றது, அப்புறம் ஹார்ன். கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்குப் பழக்கமான பொரமன் (மெக்கானிக்) அண்ணன் தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அடியிலிருந்த பஞ்சு கையில் நசநசத்தது. அதற்கும் கீழே விரல் கனத்துக்குக் காய்ந்த வண்டல். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வாகனங்கள் மூழ்கிக் கிடந்ததை நாமெல்லாம் பார்த்தோம். என் வேனும் எங்கோ ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டிதான். ஒயரிங் மாற்ற மட்டும் 4,200 வெள்ளி (ரிங்கிட்) போயிற்று.

போன மாதம் அண்ணன் மகன் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலுக்கும் தன் கடைக்குமாக ஒரு வேன் தேடினான். “அத்தை, நீங்களே வந்து பாருங்க” என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூக்கு. வண்டியை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி முழுதும் கதவு, கண்ணாடி எல்லாம் மூடிக் கிடந்த வண்டியைக் காலையில் நீங்களே திறந்து, உடனே தலையை உள்ளே விட்டு முகருங்கள். ஐந்து நிமிடம் ஆனால் மூக்கு பழகிவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. பூஞ்சண நெடி அடித்தால் சந்தேகப்படுங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. மேலிருந்து இறங்கிய தண்ணீருக்கு மருந்து உண்டு. கீழிருந்து ஏறிய வெள்ளத் தண்ணீர் என்றால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

கீழிருந்து ஏறியதற்கு அடையாளம் தேட டார்ச்சோடு மண்டி போடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, அங்கே சேற்றுக் கறை குறுக்குக் கோடாக நிற்கும். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். வண்டிக்கு உள்ளே இருக்கும் போல்ட் அதிகமாகத் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. போல்ட் மட்டும் புதிதாக மின்னினாலும் ஏன் என்று கேளுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர்கள் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு இருக்கிறதா? பூஜை அறைச் செம்பில் பூக்குமே, அதே களிம்புதான். ஒயருக்குள் அது தொடங்கிவிட்டால் துடைத்துத் தீராது, ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வரும். கடைசியாக, இழுவைக் கதவு ஓடும் கீழ்த் தடத்தின் மூலையில் விரலை விட்டுப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் வண்டல் அங்கே கொஞ்சம் தங்கிவிடும்.

மேலிருந்து வந்ததற்கு முன் கண்ணாடியின் மூலைகள், கூரைத் தகட்டின் இணைப்புகள், பின் விளக்கின் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். கறை குறுக்காக நிற்காமல் கண்ணீர்த் தடம் மாதிரி வழிந்திருக்கும். முன் சீட்டுக் காலடி மட்டும் ஈரமாக இருந்தால், ஏர்கான் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அது சின்ன வேலை.

உள்ளே பிளைவுட் அடித்த வேன் என்றால் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று கையில் இருக்கட்டும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் நல்ல பலகைகூட 15 சதவீதம் பக்கம் காட்டலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுப்பலகையில் ஓர் அளவு, மூலையில் ஓர் அளவு எடுங்கள். மூலை மட்டும் 20ஐத் தாண்டினால் அங்கே தண்ணீர் வருகிறது.

முடிந்தால் சாயங்கால மழை விட்டதும் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். மழை இல்லையென்றால் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஹோஸ் பிடிக்கலாம். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். எடுத்ததும் கூரையில் அடித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழியும், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது.

“புஸ்பாக்கோம் பாஸ் ஆயிடுச்சு” என்பார்கள். புஸ்பாக்கோம் என்பது வாகனப் பரிசோதனை நிறுவனம். உரிமை மாற்றும்போது நடக்கும் அந்தச் சோதனையில் சேஸி எண், எஞ்சின் எண்ணெல்லாம் பார்ப்பார்கள். உங்களுக்காக விரிப்பைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். வெள்ளத்தில் மூழ்காத வண்டி என்று விற்பவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் அதுவே பதில்.

அண்ணன் மகனோடு மூன்று வேன் பார்த்தேன். முதல் வேனில் பெல்ட்டிலேயே கோடு. இரண்டாவது வேன்காரர் விரிப்பைத் தொடவே விடவில்லை. கெப்போங்கில் பார்த்த மூன்றாவதில் பின் விளக்குப் பக்கம் மட்டும் ஈரமானி 23 காட்டியது, கீழே எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது. 500 வெள்ளி குறைத்து வாங்கினோம். ரப்பரை மாற்றி, பலகையைக் கழற்றி, ஒரு வாரம் கதவைத் திறந்து காயப் போட்டான். அதற்கப்புறம் இரண்டு பெருமழை பெய்துவிட்டது, அந்த மூலை இன்னும் 15லேயே நிற்கிறது.