வரகுக்கோழி கணக்கெடுப்பு: முதல் முறை களத்துக்குப் போகிறவர்களுக்கு

வரகுக்கோழியை எண்ணுவதற்கு வருடத்தில் இரண்டு, இரண்டரை மாதம்தான் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை இறங்கிப் புல் எழும்பியதும் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளுக்கு அது இனப்பெருக்கத்துக்காக வந்து சேரும். ஆண் பறவை புல்லுக்கு மேலே எம்பித் துள்ளத் தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் துள்ளல் அடங்கிவிடும். அப்புறம் ஆணும் கறுப்பு இறகை உதிர்த்து, பெண்ணைப் போலவே மண் நிறத்துக்கு மாறி, தெற்கே கலைந்து போய்விடும். கோழி அளவுள்ள ஒரு மண்நிறப் பறவையைப் புல்லுக்குள் தேடி எண்ணுவது நடக்காத காரியம். அதனால் இந்த வேலையின் முறை மொத்தமும் அந்தத் துள்ளலை நம்பியே அமைந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகவே புரியும்.

கானமயிலின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை இது. அந்தக் குடும்பத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. தரையில்தான் முட்டையிடும். 1999-இல் ரவி சங்கரன் செய்த மதிப்பீட்டில் நாடு முழுக்கச் சுமார் 3,530 பறவைகள் இருந்தன. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து, 2009-இல் காலமானவர் அவர். 2017, 2018-இல் மறுபடி கணக்கெடுத்தபோது எழுநூறுக்கும் கீழே வந்துவிட்டது. 2021 முதல் உலகளவில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. புல்வெளிகள் வயலாகின்றன, மிச்சமிருப்பதில் மேய்ச்சல் அதிகம், நாய்கள் அதிகம், சீமைக்கருவேலமும் நுழைகிறது. இந்த நிலையில் ஒவ்வொரு பருவத்தின் கணக்கும் முக்கியம். அதைச் சரியாக எடுக்கத் தெரிந்த கைகள் இன்னும் நிறைய வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அனுமதியும் ஊர்க்காரர்களும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது. அந்தந்த மாநில வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆய்வு வேலை கூடாது. தனியாகப் போகாமல், ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு குழுவில் தன்னார்வலராகச் சேருவதே புதியவர்களுக்கு நல்லது. மே மாதத்திலேயே கேட்டு வையுங்கள். மழை வந்தபின் கேட்டால் குழு கிளம்பியிருக்கும்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் இரண்டு நாள் பைனாகுலரை எடுக்கவே வேண்டாம் என்பேன். டீக்கடையில் உட்காருங்கள். மாடு மேய்க்கிறவர்களிடம் பேசுங்கள். இந்திப் பகுதிகளில் பறவையின் பெயர் கர்மோர், குஜராத்தியில் கட்மோர். “கர்மோர் தேகா க்யா?” (கர்மோரைப் பார்த்தீர்களா?) என்ற ஒரு கேள்வி போதும், அவர்களே கையை நீட்டித் திசை காட்டுவார்கள். வருடம் முழுக்க அந்த நிலத்தில் நடக்கிறவர்களுக்குத் தெரிவது எந்த வரைபடத்திலும் இருக்காது. அதோடு, பறவைகளில் கணிசமானவை இன்று சரணாலயத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கம் பச்சைப்பயறு, உளுந்து வயல்களிலேயே ஆண் பறவைகள் துள்ளும். அது ஒருவருடைய வயல். கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

படி 2: சாமான்கள்

8×42 பைனாகுலர், திசைகாட்டி, ஜிபிஎஸ் உள்ள போன், மழையில் நனையாத குறிப்பேடு, பென்சில் (பேனா மை கரைந்துவிடும்), முடிந்தால் தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர். உடை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். மத்தியப் பிரதேசத்தின் மால்வாவும் குஜராத்தின் சௌராஷ்டிராவும் பெரும்பாலும் கரிசல் மண். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் காலைப் பிடித்து இழுப்பது போலவே இங்கேயும் இழுக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள புல் என்பதால் அது உயிருக்கும் பாதுகாப்பு.

படி 3: கண்ணைப் பழக்குவது

துள்ளல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புல்லுக்குள் ஒன்றுமே தெரியாது. திடீரென்று ஒரு கறுப்புப் பொட்டு செங்குத்தாக மேலே எழும்பும், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம். இறக்கைகள் படபடக்கும்போது உள்ளே இருக்கும் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். உச்சியில் கழுத்து பின்னால் வளைந்திருக்கும், கால்கள் மடங்கியிருக்கும். அடுத்த நொடி புல்லுக்குள் விழுந்துவிடும். எல்லாம் சேர்த்து ஓரிரு நொடி. கூடவே இறக்கையிலிருந்து தவளைக் கத்தலைப் போல ஒரு கரகரப்பு வரும். காற்றில்லாத காலையில் முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பறவை அருகில் இருந்தால், தலைக்குப் பின்னால் நுனி விரிந்த மெல்லிய இறகுகள் மேல்நோக்கி வளைந்திருப்பதையும் பார்க்கலாம்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டே தேடாதீர்கள். அதன் வட்டத்துக்குள் அகப்படுவது கொஞ்சம் நிலம்தான். வெறும் கண்ணால் அகலமாகப் பாருங்கள். அசைவு கண்ணில் பட்டதும் பைனாகுலரை அந்த இடத்தில் வைத்துக் காத்திருங்கள். ஆண் பெரும்பாலும் ஒரே திட்டில் நின்று திரும்பத் திரும்பத் துள்ளும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை துள்ளும் பறவை அது. அடுத்தது வந்தே தீரும்.

படி 4: நிலைகளைத் தேர்ந்தெடுப்பது

நின்று பார்க்கும் இடத்தை நிலை என்று வைத்துக்கொள்வோம். சிறு மேடு, வரப்பு, ஏரிக்கரை, ஜீப்பின் மேல்தளம் என்று சுற்றிலும் புல் தெரியும் எந்த இடமும் ஆகும். இரண்டு நிலைகளுக்கு நடுவே குறைந்தது ஒரு கிலோமீட்டர் விடுங்கள், இல்லையென்றால் ஒரே பறவை இரண்டு கணக்கில் ஏறிவிடும்.

இங்கே ஒரு ஆசை வரும்: போன வருடம் பறவை தெரிந்த இடங்களில் மட்டும் நிற்கலாமே என்று. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நல்ல புல், சுமாரான புல், மேய்ந்து மொட்டையான தரை, பயிர் வயல் எல்லாவற்றிலும் நிலை இருக்க வேண்டும். நல்ல இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தால், மற்ற இடங்களில் பறவை காலியாகிக்கொண்டிருப்பது கடைசி வரை கணக்கில் தெரியாது.

படி 5: எண்ணுவது

விடிந்ததிலிருந்து சுமார் பத்து மணி வரை, பிறகு மாலை நாலு மணியிலிருந்து இருட்டும் வரை. மேகம் மூடிய நாளில் நடுப்பகலிலும் துள்ளும். ஆனாலும் கணக்கை இந்த நேரங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கனமழையிலும் பலத்த காற்றிலும் துள்ளல் குறையும், நம் கண்ணும் தவறும். அப்போது நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வாருங்கள்.

ஒரு நிலையில் 20 நிமிடம் நிற்பது வசதி. 15 வைக்கும் குழுவும் உண்டு. எது என்பதைவிட, பருவம் முழுக்க ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். போய் நின்றதும் முதல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்; நம் வருகையில் அடங்கிய பறவை மறுபடி துள்ளட்டும். பிறகு கடிகாரத்தைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். மாதிரிக்கு:

6:42:10 — 215 பாகை — 350 மீ — ஆண், துள்ளல் — உளுந்து வயல் ஓரப் புல்
6:42:14 — 260 பாகை — 400 மீ — ஆண், துள்ளல் — புல்வெளி
6:43:05 — 215 பாகை — 350 மீ — ஆண், துள்ளல் — அதே இடம்

நொடி வரை எதற்கு என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். நாலு நொடி இடைவெளி, நடுவே ஏறத்தாழ முந்நூறு மீட்டர் தூரம். புல்லுக்குள் நடந்து போய் அந்த நேரத்தில் அங்கே ஒரு பறவை துள்ள முடியாது. ஆக அவை இரண்டு ஆண்கள். மூன்றாவது வரி முதல் பறவையே. நேரமும் திசையும் எழுதாமல் “மூன்று துள்ளல்” என்று மட்டும் எழுதியிருந்தால், ஒன்றா, இரண்டா, மூன்றா என்று மாலையில் யாராலும் சொல்ல முடியாது.

பறவை அடர்த்தியாக உள்ள இடத்தில் இரண்டு பேர் இரண்டு மேடுகளில் நிற்பது இன்னும் நல்லது. காலையில் இருவரும் போன் நேரத்தை நொடி வரை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நொடியில் பார்த்த துள்ளலின் திசைக் கோடுகளை வரைபடத்தில் இழுத்தால் அவை வெட்டும் புள்ளியில் பறவை இருக்கும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் வரும் பிழை இதில் பெருமளவு போய்விடும்.

பெண்ணைப் பார்த்தால் தனிக் கட்டத்தில் குறியுங்கள். ஆணைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், பழுப்பும் கறுப்பும் கலந்த கோடுகள். கவுதாரி என்று நினைத்து விட்டுவிடுவது எளிது. நீளமான கழுத்தையும் கால்களையும் கவனியுங்கள். ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு பெண் இருக்கும் என்று நினைத்து எதையும் இரண்டால் பெருக்கி எழுத வேண்டாம். மொத்த மதிப்பீடு செய்கிறவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

ஒன்றுமே தெரியவில்லையா? “0” என்று எழுதுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம், காற்று எல்லாவற்றோடும் எழுதுங்கள். வெற்றுத் தாளுக்கும் பூஜ்யத்துக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். தாள் வெறுமையாக இருந்தால் யாரும் போகவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் இருந்தால் போய்ப் பார்த்தும் இல்லை என்று அர்த்தம். அருகிவரும் ஒரு பறவை எங்கிருந்து போய்விட்டது என்பதைச் சொல்வது இந்தப் பூஜ்யங்கள்தான்.

ஒவ்வொரு நிலைக்கும் பருவத்தில் குறைந்தது மூன்று தடவை போக வேண்டும். முதல் தடவை தெரிந்தது, இரண்டாவது தெரியவில்லை, மூன்றாவது மறுபடி தெரிந்தது என்றால், இருந்தும் நாம் எவ்வளவு தவறவிடுகிறோம் என்று கணிக்க முடியும். ஒரே தடவை போனால் அது தெரியாது.

படி 6: புல்லை அளப்பது

எண்ணி முடித்த நிலையைச் சுற்றி, பறவை நின்ற திட்டுக்குள் போகாமல், நாலைந்து இடத்தில் அளவுகோல் வைத்துப் புல்லின் உயரத்தை எழுதுங்கள். பயிரென்றால் என்ன பயிர், மாடு ஆடு மேய்கிறதா, நாய் தெரிந்ததா, மின்கம்பி போகிறதா என்பதையும் குறியுங்கள். பருவத்தின் பின்பாதியில் புல் உயர்ந்து துள்ளலையே மறைக்கத் தொடங்கும். அப்போது எண்ணிக்கை குறைந்தால் பறவை குறைந்ததா, பார்வை குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல இந்த அளவுதான் உதவும்.

படி 7: கூட்டைத் தேடாமல் இருப்பது

கூடு என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அடர்ந்த புல்லுக்குள் தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் மூன்று நான்கு முட்டை. பெண் மட்டுமே மூன்று வாரம் அடைகாக்கும். தேடிப் போகவே போகாதீர்கள். நாம் மிதித்த புல் ஒரு பாதையாகும். அந்தப் பாதையில் நாயும் கீரியும் வரும், நாம் நின்று பார்த்த இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

தற்செயலாகக் காலடியில் பெண் எழுந்து பறந்தால், அப்படியே நின்று, வந்த வழியே திரும்புங்கள். போட்டோ வேண்டாம், அடையாளத்துக்குக் குச்சி நட வேண்டாம். ஜிபிஎஸ் புள்ளியைக் குழுத் தலைவரிடமும் வனத்துறையிடமும் மட்டும் சொல்லுங்கள். துள்ளும் ஆணுக்கும் இதே மரியாதை உண்டு. நல்ல படத்துக்காக ஜீப்பை நெருக்கி ஓட்டுவது, பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டுவது எல்லாம் பறவையின் மிகக் குறுகிய பருவத்தைத் திருடுவது. இடப் பெயரோடு சமூக ஊடகத்தில் போடுவதும் அப்படித்தான்.

படி 8: மாலை வேலையும் மழைக் கணக்கும்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைய தாளை அன்றைக்கே கணினியில் ஏற்றி, தாளையும் போட்டோ எடுத்து வையுங்கள். கூடவே பக்கத்து மழைமானியின் அளவையும் தினமும் சேருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இது இல்லாமல் மற்ற எண்களுக்குப் பாதி அர்த்தம்தான். நாடளாவிய பழைய மதிப்பீடுகளைப் பாருங்கள்: 1982-இல் 4,374, 1989-இல் 1,672, 1994-இல் 2,206, 1999-இல் 3,530. நடுவில் விழுந்த காலம் குஜராத்தைத் தொடர்வறட்சி வாட்டிய காலம். மழை பொய்த்தால் புல் வராது, புல் வராத இடத்துக்குப் பறவை வராது. ஒரு வருடம் எண்ணிக்கை சரிந்தது என்று பதறவோ, ஏறியது என்று நிம்மதியாகவோ முடியாது. அதே நிலைகளில் அதே முறையில் பல வருடம் எண்ணி, மழையோடு வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் சொல்லலாம்.

கடைசியாக, ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் புல் அறுப்பது எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழை தாமதித்த வருடங்களில் முட்டையும் குஞ்சும் செப்டம்பர் பிற்பாதியிலும் புல்லுக்குள் இருக்கக்கூடும். அந்தத் தேதிகளைத் தாளோடு சேர்த்து வனத்துறையிடம் கொடுத்தால், பறவை தெரிந்த திட்டுகளில் மட்டும் அறுப்பை இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று அவர்கள் விவசாயிகளிடம் பேச நேரம் கிடைக்கும்.